பதினாறாவது ஞாயிற்றுக்கிழமை

வாசலில் கீரைக்காரி நின்றாள். கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த சிலேட்டில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று எழுதி அவளிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. சிலேட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தாண்டி உள்பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, டீச்சரம்மாவுக்கு என்ன செய்யுது? வாய் கீய் கோணிக்கிட்டா?"

அடுப்படியிலிருந்து உலகு மதினி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் கணவரின் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

"அவ மௌனத்துல இருக்கா. ஞாயித்துக்கெழமை பேச மாட்டா. நீ கூடையை அங்கன இறக்கு, நான் வாரேன்."

மதினி அதைச் சொன்ன தோரணையில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும்தான். கீரைக்காரி என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். நான் சாமியார் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். 'உங்கள் எழுத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அது எப்படிக் கிடைத்தது, யாரிடம் உபதேசம் வாங்கினீர்கள்?' என்று கேட்டிருந்தார். கடிதத்தை என் மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. என் வாயைப் பற்றி வீட்டில் உள்ளவர்களுக்குத்தானே தெரியும். அந்த வாயைப் பற்றித்தான் இந்த வாரம்.

என் வாய்

மாநிலப் பிரிவினையில் செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம். என் கணவர் அங்கே ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. தினமும் தென்காசியிலிருந்து ரயிலில் போய்விட்டு, ரயிலிலேயே திரும்புவார். வரும்போது இரண்டு மலையாள வார்த்தைகளும் ஒரு சீப்பு நேந்திரம்பழமும் கொண்டுவருவார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்திச்சி. எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். கோபுரம் அப்போது மொட்டையாகத்தான் நின்றது. அதன் வாசல் வழியாக வருகிற காற்று, ஆடி மாதத்தில் கையில் இருக்கிற அர்ச்சனைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

என் வாயும் அந்தக் காற்று மாதிரிதான். எப்போது எங்கே அடிக்கும் என்று எனக்கே தெரியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல், வீட்டுக்கு வந்த பிறகும் இறங்காது. பால்காரர் முதல் ஹெட்மிஸ்ட்ரஸ் வரை எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. சொல்லிவிட்டு மறந்துவிடுவேன். மறந்துவிடுகிறேன் என்பதாலேயே மனசில் ஒன்றும் இல்லை, நல்லவள்தான் என்று எனக்கு நானே சான்றிதழும் கொடுத்துக்கொள்வேன்.

உலகு மதினிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. அதையே காரணமாகச் சொல்லி அவள் வீட்டுக்காரர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். மதினி ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்த வருஷமே எனக்குக் கோமு பிறந்தாள். நான் பள்ளிக்கூடம் போக, பிள்ளை மதினி இடுப்பிலேயே வளர்ந்தாள். தண்ணீர் இறைக்கும்போதும் இடுப்பில்தான், கோலம் போடும்போதும் இடுப்பில்தான். மதினியின் இடது இடுப்பில் சேலை ஒரு இடத்தில் மட்டும் நைந்து போயிருக்கும்.

ஒரு மாசி மாதம். கோமுவுக்குப் பத்து மாதம். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியிருக்கிறாள் மதினி. வெயில் இல்லாத நாளில் எண்ணெய்க் குளியலா என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பெத்திருந்தாத் தெரியும்" என்றேன்.

மதினி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். ஒவ்வொன்றையும் ஓரம் பார்த்து மடித்தாள். சாயங்காலம் காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. பல் முளைக்கிற காய்ச்சலாம்.

காலியான இடுப்பு

மறுநாள் முதல் எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது. மதினி என்னோடு பேசினாள், சமைத்தாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள், தொட்டில் ஆட்டினாள். இடுப்பில் மட்டும் வைக்கவில்லை. தூக்க வேண்டி வந்தால் இரண்டு கையாலும் கக்கத்தில் பிடித்து, பானையை இறக்கி வைப்பதுபோல் ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பாள்.

பத்துப் பதினைந்து நாளில் கோமு நடக்கத் தொடங்கினாள். தெருவே வந்து பார்த்தது. இவ்வளவு சீக்கிரம் நடக்கிறாளே என்று என் கணவர் செங்கோட்டை ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

மன்னிப்புக் கேட்டால் என்ன என்று இதைப் படிக்கிற இளசுகளுக்குத் தோன்றும். எங்கள் வீடுகளில் மன்னிப்பு என்கிற வார்த்தை பாடப் புத்தகத்தில்தான் இருந்தது. தப்புச் செய்தவர் தப்பு என்று சொல்வதில்லை. சாப்பிடுகிறவர் இலையில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விடுவார், அவ்வளவுதான். நானும் அதைத்தான் செய்தேன். மதினிக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டினேன். பிச்சிப்பூ வாங்கி வந்து நானே தலையில் வைத்துவிட்டேன். களி நன்றாக இருக்கிறது என்றாள். பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை சேலையைப் பிடித்து இழுத்துக் கையைத் தூக்கியது. குனிந்து அதன் கன்னத்தைத் தடவிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நின்றுவிடுவேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நல்லவள் என்று எனக்கு நானே கொடுத்த சான்றிதழ் கிழிந்துபோயிருந்தது.

அப்போது ரமலான். எங்கள் பள்ளிக்கூடத்து ஜமீலா டீச்சர் நோன்பு வைத்திருந்தாள். என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். மதிய இடைவேளையில் நான் யாரையோ ஏசிக்கொண்டிருக்க, அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோன்பு வயிற்றுக்கு மட்டும் இல்லை, நாக்குக்கும் சேர்த்துத்தான், உன்னோடு உட்கார்ந்தால் கேட்கிற எனக்கே முறிந்துவிடும் போலிருக்கிறது என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வாரத்தில் ஒரு நாள் மௌன விரதம், பதினாறு வாரம். செவ்வாய், வெள்ளி என்றால் பள்ளிக்கூடம் உண்டு. ஊமை வாத்திச்சியை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று கோயிலில் உலகம்மன் சன்னதியில் வேண்டிக்கொண்டேன். அம்மாளிடம் என்ன கேட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மதினி பிள்ளையை இடுப்பில் வைக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

சிலேட்டு

முதல் வாரமே சிலேட்டு வந்துவிட்டது. அவசரத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் காட்டலாமே என்று பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டாவது வாரத்தில் அதில் 'உப்புக் கம்மி' என்று எழுதினேன். நான்காவது வாரத்தில் 'யார் இந்தக் கதவைத் திறந்து போட்டது' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பேசினால் காற்றோடு போயிருக்கும். எழுதியதைத் துடைக்கிறவரை வீட்டில் எல்லோரும் படிக்கவேண்டியிருந்தது.

என் கணவர் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "வாய்க்கு லீவு குடுத்துட்டு கைக்கு ஓவர்டைம் போட்டிருக்க."

நான் சிலேட்டில் அதற்கும் ஒரு பதில் எழுதினேன். இங்கே அச்சில் போட முடியாது.

மதினிதான் என் விரதத்துக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் அவளே போய்ப் பதில் சொல்வாள். தெருவில் யாராவது சத்தம் போட்டு என்னைக் கூப்பிட்டால், எங்க செண்பகம் மௌனத்துல இருக்கா என்று கையமர்த்துவாள். விரதம் நல்லபடியாக முடிந்தால் பதினாறாவது வாரம் விளக்கு வைத்ததும் சர்க்கரைப் பொங்கல் வைப்பதாக அவளும் ஒரு வேண்டுதல் போட்டிருந்தாள். அவளுக்காகத்தான் இந்த விரதம் என்று தெரியாமலே.

ஆனி மாதம், பன்னிரண்டாவது ஞாயிறு. சாரல் தொடங்கியிருந்தது. தென்காசிக்காரர்களுக்குச் சாரலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், அதற்குள்ளேயே பொடிப் பொடியாக நனைக்கும். குடை பிடிக்கவும் தோன்றாது, நனைகிறோம் என்றும் தோன்றாது.

அன்று காலையில் சிலேட்டுக் குச்சியைத் தேடினேன். கோமு கடைசித் துண்டையும் தின்றுவிட்டு உதடெல்லாம் சாம்பல் நிறத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடை திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் கையையும் கட்டிக்கொண்டு, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் எரிச்சலாக இருந்தது. சொல்ல வேண்டியவை ஒவ்வொன்றாக வந்து தொண்டையில் நின்றன. துணி நனைகிறது, பாலை மூடவில்லை, பூனை வருகிறது. எதையும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவை வருவது குறைந்தது. துணி நனைந்தது, அப்புறம் அதுவே வெயிலில் காய்ந்தது. பாலைப் பூனை குடிக்கவில்லை. நான் சொல்லாமலே உலகம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. அரிசி கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுகிற சத்தம். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டு நின்று மறுபடியும் கிறீச்சிடுவது. ஓட்டிலிருந்து சொட்டு விழுந்து, அடுத்த சொட்டு விழுவதற்குள் இருக்கிற இடைவெளி. அந்த வீட்டில் ஐந்து வருஷமாக இருக்கிறேன். இவற்றில் ஒன்றையும் அதுவரை நான் கேட்டதில்லை. ஈரக் காற்றில் விறகுப் புகை மணத்தது. வாசல் படியில் வெயில் கொஞ்சமாக வந்து உட்கார்ந்தது, போனது, மறுபடியும் வந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பரவசம், ஆனந்தம் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது அரிசி கொதிக்கிற சத்தம்தான். அதுவே போதும்போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

அப்போதுதான் அடுப்படியில் மதினியின் குரல் கேட்டது. நான் பக்கத்து அறையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. கோமு தூக்கச் சொல்லிச் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"நடந்து வா தாயி" என்றாள் மதினி. "இது பெறாத இடுப்புல்லா. ஒனக்கு வேண்டாம்."

குரலில் கோபம் இல்லை. பால் சுடும், தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்வோமே, அந்தக் குரல். நான் சொன்ன வார்த்தையை அவள் கோபமாக வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

எழுந்துவிட்டேன். வாய் திறந்தும் விட்டது. அப்புறம் விரதம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வாரம். விளக்கு வைத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். விளக்கு வைத்த பிறகு, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் விரதம் வந்துவிட்டது. ஒளிந்துகொள்வதற்கு மௌனம் மாதிரி வசதியான இடம் வேறு இல்லை என்று அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

ஐந்தருவி

ஆடி பிறந்தது. பதினாறாவது ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு விடுமுறை. விரதம் முடிகிற நாளில் அருவியில் குளித்துவிட்டு வந்து பொங்கல் வைக்கலாம் என்றார். மதினி காலையிலேயே வெல்லத்தைத் தட்டி வைத்துவிட்டாள். குற்றாலம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து குதிரை வண்டியில் ஐந்தருவி போனோம்.

வழியெல்லாம் மலை மேகத்துக்குள் இருந்தது. குதிரை நனைந்து ஆவி பறந்தது. கோமு வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருகிற மரத்துக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தாள்.

பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு நானும் மதினியும் பெண்கள் குளிக்கிற பக்கம் போனோம். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தோம். முதல் அடி விழும்போது மூச்சு நின்றுவிடும். அப்புறம் பயம் போய்விடும். பெயர், வேலை, எந்த ஊர், யாருடைய பெண்டாட்டி, எல்லாம் தலையிலிருந்து வழிந்து காலடியில் ஓடுவதுபோல் இருக்கும். பன்னிரண்டாவது ஞாயிறு அடுப்படிச் சுவரோரம் வந்த அதே சந்தோஷம் மறுபடியும் வந்தது. பக்கத்தில் மதினி கண்ணை மூடி நின்றாள். வாய் லேசாகத் திறந்து, சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

அந்த இரைச்சலில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. நான் வாயைத் திறந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் மதினி, உங்களைவிட அவளுக்கு யாரும் அம்மா இல்லை என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். வாய்க்குள் தண்ணீர் போனது. மதினி கண்ணைத் திறக்கவில்லை.

வெளியே வந்து தலையைத் துவட்டும்போது நெஞ்சு லேசாக இருந்தது. சொல்லியாகிவிட்டது. யார் காதிலும் விழாததால் விரதமும் முறியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்காகக் குற்றாலத்தில் ஒரு மரத்தடியில் நின்றோம். மங்குஸ்தான் கூடைக்காரிகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. என் கணவர் பழம் வாங்கப் போனார். கோமுவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தள்ளாடி நடந்து, என்னைத் தாண்டிப் போய், மதினியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

மதினி குனிந்தாள். இரண்டு கையாலும் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, சேறு இல்லாத இடமாகப் பார்த்து இறக்கி வைத்தாள்.

"அம்மாகிட்டப் போ தாயி" என்றாள்.

அருவிக்குள் நான் சொன்னது எங்கே போயிற்று என்று அப்போது விளங்கிற்று. தண்ணீரோடு சிற்றாற்றுக்குப் போய்விட்டது. விளக்கு வைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகள் முழுசாக முடிந்து, பதினாறாவதும் முக்கால்வாசி முடிந்திருந்தது. என் வாழ்க்கையில் அதுவரை ஒரு காரியத்தை நான் இவ்வளவு தூரம் கொண்டுவந்ததில்லை.

"மதினி, இடுப்புல வையுங்க" என்றேன். "பெத்திருந்தாத் தெரியும்னு நான் சொன்னது தப்பு. நீங்க வளத்த பிள்ளை அவ."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. கூடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈரம். சாரலா என்னவென்று தெரியவில்லை.

"ஏட்டி" என்றாள். குரல் உடைந்திருந்தது. "வெளக்கு வைக்கதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்தானே இருக்கு. இப்பமா வாயைத் தொறப்ப?"



பதினாறு வாரமும் போச்சே, அம்மனுக்கு என்ன சொல்ல, வெல்லம் எல்லாம் தட்டி வச்சிருக்கேனே, இவ்வளவு நாள் பொறுத்தவளுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா என்று மதினி என்னைத் திட்டத் தொடங்கினாள். வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல் கடிந்து பேசாதவள். திட்டிக்கொண்டே குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். தூக்கி இடது இடுப்பில் வைத்து, முந்தானையை இழுத்து அதன் தலையில் சாரல் விழாமல் மூடினாள். அப்புறமும் திட்டினாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்ததோ என்னவோ.

பழத்தோடு வந்த என் கணவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். இலஞ்சி தாண்டும்வரை திட்டினாள். அப்புறம் ஓய்ந்தாள். வயலெல்லாம் நனைந்து கிடந்தது. நாற்றுக்கு மேல் சாரல் திரைபோல நகர்ந்து போனது. தகரக் கூரையில் சொட்டுகிற சத்தம், கண்டக்டர் பையில் சில்லறை குலுங்குகிற சத்தம், பிள்ளை மூச்சு விடுகிற சத்தம். வீடு வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முறிந்த விரதத்துக்காக இல்லை. பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தென்காசியில் இறங்கும்போது படி ஈரமாக இருந்தது. மதினிக்குக் கை வலிக்குமே என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

மதினி தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"தூங்குதுட்டி" என்றாள். "இருக்கட்டும்."